வரி போடுங்கள் என்று வந்தவர்கள்

வரிப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சொத்து வரியை உயர்த்தலாமா கூடாதா என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நன்றாகத் தெரிந்திருந்தது; உயர்த்தத்தான் வேண்டும் என்று கேண்டீனில் மேசையைத் தட்டிப் பேசியிருக்கிறேன். சொந்தமாக ஒரு வீடு கட்டிய பிறகு, கூடவே கூடாது என்று தெரிந்தது. ஓய்வு பெறும்போது இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதுபோலவும் இரண்டிலும் ஏதோ இடிப்பதுபோலவும் தோன்றியது. இப்படிப்பட்டவளை எதற்காகப் பேசக் கூப்பிட்டார்கள் என்று நீங்கள் நினைத்தால், கூப்பிட்டவர்களைக் கேளுங்கள்.

வீட்டை அளப்பது, வகை பிரிப்பது, நோட்டீஸ் அடிப்பது எல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர ஆள் இருக்கிறது. நான் ஒரு மே மாதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சொல்லி முடித்தபின் உங்களுக்கும் குழம்பினால் என் பேச்சு வீண்போகவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

அப்போது நம் தீவுக்கு, கடலுக்கு அப்பால் மெயின்லேண்டிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், திட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். இவரோ காலையில் எங்களுக்கு முன்னால் வந்து, வார்டு வார்டாக நடந்து பார்த்து, ஒரு திட்டம் போட்டார். மேட்டு வார்டு ஒன்று. கீழே சாலையோரம் காங்கிரீட் வீடுகள். அவற்றுக்கெல்லாம் வரி உண்டு, தண்ணீர்க் குழாய் உண்டு. மேலே சரிவில் தகர வீடுகள். சுனாமிக்குப் பிறகு வெளித்தீவுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள். அவர்கள் வரிப் பதிவில் இல்லை. பதிவில் இல்லாத வீட்டுக்குக் குழாய் கொடுக்க விதி இடம் தராது. கீழ்வீடுகளின் வரியை உயர்த்துவது, வருகிற பணத்தில் சரிவுக்குக் குழாய் ஏற்றுவது, சரிவு வீடுகளையும் அளந்து பதிவில் சேர்ப்பது. மூன்றும் ஒரே திட்டம். ஒன்று விழுந்தால் மூன்றும் விழும்.

யோசனையில் எனக்குக் குறையே தெரியவில்லை. ஆனால் ஆட்சேபணை கேட்டு அவர் நோட்டீஸ் ஒட்டச் சொன்னது மே மாதத்தில்.

மே மாதத்தில் நம் ஊரில் யார் இருப்பார்கள்? பள்ளிக்கூடம் பூட்டியதும் ஊரே கப்பலேறிவிடும். சென்னைக் கப்பல், கல்கத்தாக் கப்பல், விசாகப்பட்டினக் கப்பல் என்று அவரவர் சொந்த மண்ணுக்குக் கருவாட்டுப் பொட்டலத்தோடு கிளம்பிவிடுவார்கள். கல்யாணம், காதுகுத்து, பல் பிடுங்குவது உட்பட எல்லாவற்றையும் அங்கே வைத்துக்கொள்வார்கள். எங்கள் பிரிவிலேயே பாதி நாற்காலி காலி. நான் இருந்தேன் என்றால் கடமை உணர்ச்சியால் அல்ல, எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை.

அதிகாரியிடம் சொன்னேன். "சார், மே மாசத்துல அந்த வார்டுல ஆளே இருக்க மாட்டாங்க சார். ஜூன்ல ஒட்டலாம்."

அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "எங்க ஊர்ல மே மாசம்தான் எல்லாரும் வீட்டுல இருப்பாங்க மேடம். வெளியூர்ல இருக்கிறவனும் வந்துடுவான். அதுக்காகத்தான் இந்த மாசமா பாத்தேன்."

அவர் ஊருக்கு அது சரி. மக்கள் வந்து சேரும் ஊரிலிருந்து, மக்கள் கிளம்பிப் போகும் ஊருக்கு வந்திருந்தார். நான் இன்னும் கொஞ்சம் இழுத்துப் பேசினேன். ஆட்சேபணை உள்ளவர்கள் தபாலில் அனுப்பலாமே என்றார். விதியில் அப்படித்தான் இருந்தது. நோட்டீஸை ஒட்டினோம். பூட்டிய கேட்டுகளில் ஒட்டிக்கொண்டே போனபோது, யாருக்காக ஒட்டுகிறோம் என்று ப்யூன் கேட்டார். காக்காய்க்கு என்றேன்.

ஆட்சேபணை ஒன்றும் வரவில்லை. அதற்குப் பதில் ஒருநாள் காலையில் சரிவுக்காரர்கள் கூட்டமாக வந்தார்கள். சண்டைக்குத்தான் வருகிறார்கள் என்று நினைத்து நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். முன்னால் நின்றவர் பாக்கியம். நாற்பது வயதிருக்கும். இலங்கைத் தோட்டத்திலிருந்து கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுவந்து குடியேற்றப்பட்டவர்களின் மகள். அலைக்குப் பிறகு இங்கே வந்து, பஜாரில் ஒரு தையல் கடையில் வேலை செய்துகொண்டிருந்தார்.

"எங்களுக்கு வரி போடுங்க மேடம்" என்றார்.

இத்தனை வருட வேலையில் அந்த வாக்கியத்தை நான் கேட்டதில்லை. வரியைக் குறையுங்கள், தள்ளுபடி செய்யுங்கள், அடுத்த வருடம் பார்க்கலாம், வீட்டுக்காரர் ஊரில் இல்லை, நாய் கடிக்கும், எல்லாம் கேட்டிருக்கிறேன்.

"வரி போட்டா வருஷா வருஷம் கட்டணும், தெரியும்ல?"

"கட்டுறோங்க. கொழாய் குடுப்பாங்கல்ல? வீட்டு நம்பரு குடுப்பாங்கல்ல?"

"கீழ இருக்கிறவங்களுக்கு வரி ஏறும். அப்பத்தான் உங்களுக்குக் குழாய் வரும். அதுக்கும் சேத்துத்தான் சரின்னு சொல்றீங்களா?"

அவர் கொஞ்சம் தயங்கினார். பின்னால் திரும்பி யாரையும் பார்க்கவில்லை. "சரிங்க" என்றார். எல்லாரும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்துவிட்டுப் போனார்கள்.

எனக்கு முதலில் எழுத்தர் வேலை போட்டுக் கொடுத்த மேலாளர் ஒரு விதி சொல்லிக் கொடுத்திருந்தார்: வரி போடப் போகிற வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதே. குடித்தால் அளவுநாடா சுருங்கும் என்பார். அந்த விதியை நான் மீறியதில்லை. மறுநாள் நிலைமையை நேரில் பார்க்கச் சரிவு ஏறினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. மேலே போய்ச் சேர்ந்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. பாக்கியம் சொம்பை நீட்டினார், வாங்கிக் குடித்துவிட்டேன். குடித்த பிறகுதான் குடத்தைப் பார்த்தேன். அடியில்தான் கொஞ்சம் கிடந்தது. எங்கே பிடிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"மாஸ்டர்ஜி வீட்டுக் கொழாயிலங்க. கீழ, அந்தப் பச்ச கேட்டு. தங்கமான மனுசன். எப்ப போனாலும் புடிச்சுக்கன்னுவாரு. இப்ப ஊருக்குப் போயிருக்காரு, கேட்டு பூட்டியிருக்கு. அந்தப் பக்கம் நாலாவுக்குப் போறோங்க. அதுவும் காஞ்சிருச்சு."

நாலா என்றால் ஓடை. அங்கே போய் வருவதற்குள் அரை நாள் தையல் போய்விடும். கடைக்காரர் ஏற்கெனவே ஒருமுறை எச்சரித்துவிட்டாராம். இந்தக் கோடையும் இப்படியே போனால் வேலை போய்விடும், வேலை போனால் மகளின் நர்சிங் படிப்பும் நின்றுவிடும் என்றார். அழாமல் சொன்னார். மற்றவர்கள் அழுதே சொல்வார்கள் என்பதால் இது எனக்குத் தாங்கவில்லை. வரியை உயர்த்தித்தான் ஆகவேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டு சரிவிலிருந்து இறங்கினேன்.

ஜூனில் மழையும் கப்பல்களும் சேர்ந்தே வந்தன. வந்திறங்கியவர்கள் கேட்டில் நனைந்து தொங்கிய நோட்டீஸைப் பார்த்தார்கள். கொதித்துப்போனார்கள். இறுதி முடிவுக்கு முன் வார்டுக் கூட்டம் ஒன்று நடத்த வேண்டும் என்பதால், சமுதாயக் கூடத்தில் எல்லாரையும் கூட்டினோம். தகரக் கூரையில் மழை அடிக்க, பெங்காலியும் தெலுங்கும் மலையாளமும் தமிழும் தனித்தனி மூலையில் கத்த, அதிகாரியிடம் பேசும்போது மட்டும் எல்லாரும் இந்திக்கு வந்தார்கள்.

அங்கேதான் மாஸ்டர்ஜியை முதன்முதலாகச் சரியாகப் பார்த்தேன். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். மதுரைப் பக்கத்துக்காரர். வார்டில் அவரிடம் படிக்காத குடும்பம் கிடையாது. எல்லாருக்கும் அவர் மாஸ்டர்ஜிதான். மனைவிக்கு மாதாமாதம் மருந்து. பென்ஷனில் பாதி அதற்கே போகிறது என்பதை அவர் சொல்லவில்லை, பக்கத்தில் நின்றவர் சொன்னார். அவர் எழுந்து, சாக்கடை அடைத்துக் கிடப்பதையும் தெருவிளக்கு எரியாததையும் சொல்லி, ரெண்டு நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீருக்கு எதற்கு இன்னும் வரி என்று நிதானமாகக் கேட்டார். அவர் கேட்ட ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்த உண்மை. சரிவிலிருந்து இறங்கும்போது செய்த தீர்மானம் அங்கேயே ஆட்டம் கண்டுவிட்டது.

அதிகாரி உள்ளதைச் சொன்னார். "நோட்டீஸ் காலத்தில் வந்த கருத்துகள் எல்லாமே ஆதரவாகத்தான் வந்திருக்கின்றன. எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை."

"கோன் போலா?" என்று கூடம் முழுவதும் எழுந்தது. யார் சொன்னது? பெயரைப் படிக்கச் சொல்லுங்கள்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "படிங்க மேடம்."

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். படிப்பதில் தவறில்லை. ரகசியம் எதுவும் இல்லை, யார் வந்து கேட்டாலும் காட்ட வேண்டிய தாள்கள்தான். படிக்கவில்லை என்றால் நாங்களே பெயர்களை ஜோடித்தோம் என்பார்கள். படித்தால், முதல் பெயர் பாக்கியம். அவர் இன்று சாயங்காலம் குடத்தை எடுத்துக்கொண்டு போய் நிற்க வேண்டியது இந்த மாஸ்டர்ஜியின் கேட்டில். கண்ணாடியைத் தேடுவதுபோல் பையைத் துழாவினேன். கண்ணாடி மூக்கின் மேல்தான் இருந்தது.

நான் துழாவிக்கொண்டிருக்கும்போதே பின்வரிசையில் பாக்கியம் எழுந்து நின்றார்.

"மேடம் படிக்க வேணாங்க. நாந்தான் மொதல்ல போயி சொன்னேன்."

மாஸ்டர்ஜி திரும்பிப் பார்த்தார். கோபத்தைவிட முதலில் அவர் முகத்தில் வந்தது வேறு. அடிபட்டவர் முகம் அது.

"எனக்கு வரி ஏறும்னு தெரிஞ்சா சொன்ன, பாக்கியம்?"

"தெரிஞ்சுதாங்க மாஸ்டர்ஜி."

"என்னிக்காவது உனக்குத் தண்ணி தரமாட்டேன்னு சொன்னேனா?"

"இல்லீங்க. அப்படிச் சொன்னா எனக்கு நாக்கு அழுகிரும். நீங்க ஊருக்குப் போனா கேட்ட பூட்டுவீங்க, அது ஒங்க கேட்டு, பூட்டத்தான் வேணும். எனக்கு ஒங்கள ஒரு கொறையும் சொல்ல ஏலாது."

"அப்புறம் ஏன்? இத்தன வருஷமா வரி கட்டுறேன், நான் என்ன கண்டேன்? நீ கட்டி என்ன காணப்போற?"

"இப்ப நீங்க எந்திரிச்சு நின்னு அதிகாரிய கேள்வி கேட்டீங்கல்ல, அதுதாங்க. நா கேட்டா, எந்த வீட்டு நம்பருன்னு கேப்பாங்க."

தமிழில் நடந்த இந்தப் பேச்சு இந்தியாகி மற்ற மூலைகளுக்குப் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதனால் கூடம் ஒவ்வொரு மூலையாக அடங்கியது. மாஸ்டர்ஜி உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரி குனிந்து என் காதில், "என்ன பண்ணலாம் மேடம்? ஏத்தலாமா, வேண்டாமா?" என்றார்.

"தெரியல சார்" என்றேன். "ஆனா இன்னிக்கு எதுவும் பண்ண வேண்டாம். எல்லாரும் ஊர்ல இருக்கிறப்ப மறுபடி நோட்டீஸ் ஒட்டுவோம்."

தெரியாது என்று ஓர் அதிகாரியிடம் சொல்வதற்கு எனக்கு அத்தனை வருடம் ஆகியிருந்தது. அவர் கோபப்படவில்லை, நிம்மதிப் பெருமூச்சு விட்டார். அவருக்கும் தெரியாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தெரியாதபோது வாயை மூடிக்கொண்டு தெரிந்ததுபோல் கையெழுத்துப் போடுவதுதான் நம் வேலையில் பெரிய ஆபத்து. உங்களுக்குப் பாடம் ஏதாவது வேண்டுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள், வேறு பெரிதாக இல்லை.

மறுநாள் காலையில் கொட்டுகிற மழையில் மாஸ்டர்ஜி என் மேசைக்கு வந்தார். சட்டை முழுவதும் நனைந்திருந்தது. தனக்கு வரி ஏற்றக் கூடாது, ஆனால் பாக்கியம் வீட்டைப் பதிவில் சேர்த்துக் குழாய் கொடுக்க வேண்டும் என்று இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

"ரெண்டும் ஒண்ணா நடக்காதே சார். அந்தப் பணத்துலதான் குழாய் ஏத்தணும்."

"அது உங்க தலைவலி. அவ இனிமே என் கேட்டுக்கு வரக் கூடாது. அவ்வளவுதான்."

அது கோபமா இரக்கமா என்று எனக்கு விளங்கவில்லை. சொன்ன விதம் கோபம்தான். ஆனால் வெறும் கோபக்காரர், அந்த மழையில் இன்னொருத்தர் வீட்டுக்குக் குழாய் கேட்டு வந்து நிற்பாரா? வீட்டுக்குப் போய் என் கணவரிடம் சொன்னேன். இரண்டும்தான் என்றார். சோறு போடு என்றும் சொன்னார்.

மறுபடி நோட்டீஸ் ஒட்டினோம். இந்தமுறை ஆட்சேபணைகளைப் பிரித்து அடுக்க எனக்குத் தனி மேசை வேண்டியிருந்தது. முடிவில் வரி கொஞ்சம் ஏறியது, அதிகாரி கேட்ட அளவுக்கு ஏறவில்லை. சரிவில் பாதி உயரம்வரை குழாய் போனது. கீழே இருந்தவர்கள் ஏற்றிவிட்டார்கள் என்று திட்டினார்கள். மேலே இருந்தவர்கள் பாதியில் விட்டுவிட்டார்கள் என்று திட்டினார்கள். அதிகாரி மாற்றலாகிப் போனார். பாக்கியத்தின் வீடு குழாய் போன பாதிக்குள் வந்தது. மகள் படிப்பை முடித்தாள். இதை மட்டும் நினைத்தால் எனக்கு இன்றும் மனசு நிறைகிறது.

அதற்குப் பிறகு பாக்கியம் எங்கள் அலுவலகத்தைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. தண்ணீர் வராத ஒவ்வொரு முறையும் வந்து, ஜன்னலில் கையை ஊன்றி, "வரி கட்டுறேன்ல, கேப்பேன்ல?" என்பார். எனக்குக் கீழே இருந்தவர்கள் சலித்துக்கொள்வார்கள். எனக்குச் சிரிப்பாகவும் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும்.

என்னுடைய கடைசி மாதத்தில் மறுபடியும் உயர்வுப் பேச்சு வந்தது. இந்தமுறை நோட்டீஸ் செப்டம்பரில் போனது; அந்த அளவுக்கு நாங்கள் தேறியிருந்தோம். முதல் ஆட்சேபணையோடு ஓர் ஆட்டோ வந்து நின்றது. மாஸ்டர்ஜியும் பாக்கியமும் அதிலிருந்து சேர்ந்து இறங்கினார்கள். இவர்கள் எப்போது ராசியானார்கள் என்று எனக்குத் தெரியாது. வரி கட்டுகிறவர்களுக்குத் தங்களுக்குள் பேச நிறைய இருக்கும்போல.

இருவர் கையெழுத்தும் ஒரே மனுவில் இருந்தது. வரியை ஏற்றக் கூடாது. நான் வாங்கி முத்திரை குத்தினேன். பாக்கியம் போகாமல் நின்றார்.

"இன்னொண்ணு மேடம். எங்களுக்கு மேல புதுசா தகரம் போட்டு வந்திருக்காங்கல்ல, வடக்க இருந்து வந்த திக்லிபூர்க்காரங்க. வரி போடுங்கன்னு அவங்களும் ஒங்ககிட்ட வந்தாங்களாமே?"

"வந்தாங்க. போன வாரம் எழுதிக் குடுத்துட்டுப் போனாங்க."

"சேத்துராதீங்க. இருக்கிற தண்ணியே ஏற மாட்டேங்குது. மேல கொழாய் போச்சுன்னா எனக்குச் சொட்டு வராது."

அவர் சொன்னது உண்மை. மேலே குழாய் போனால் அவருக்கு வராது.

"அப்ப அவங்க தண்ணிக்கு எங்க போவாங்க, பாக்கியம்?"

அவர் முகம் வாடிவிட்டது. நான் அப்படிக் கேட்டது அவருக்கு நிஜமாகவே வலித்திருக்க வேண்டும்.

"என்னாங்க மேடம் இப்படிக் கேக்குறீங்க? தண்ணி நா குடுக்குறேன். கொழாய மட்டும் குடுத்துராதீங்க."

நான் மாஸ்டர்ஜியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் வாசலுக்கு வெளியே நின்ற ஆட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மாதக் கடைசியில் நான் ஓய்வு பெற்றுவிட்டேன். பாக்கியமும் மாஸ்டர்ஜியும் கொடுத்த மனுவும் திக்லிபூர்க்காரர்களின் மனுவும் இப்போது உங்கள் மேசையில் இருக்கின்றன. இரண்டுக்கும் இன்னும் யாரும் பதில் எழுதவில்லை.